கம்பவுண்டர் ரூமில் இருந்த மிக்ஸிக்காரர்

முருகேசன் மாமா இறந்துவிட்டார். இன்று காலை, மதுரை பெரியாஸ்பத்திரியில்.

அப்பா அவரை வேனில் கொண்டுவந்துகொண்டிருக்கிறார். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை... அதனால் இதை டைப் செய்கிறேன்.

வாடிப்பட்டி பக்கம் எங்கள் ஊர். நாங்கள் இருப்பது ஒரு பழைய பெரிய வீடு. கட்டிய குடும்பம் மதுரைக்குப் போன பிறகு, ரூம் ரூமாக வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நாங்கள் பின்பக்கம். மாமா தனியாளாக முன்பக்கம், மிக்ஸி ரிப்பேர்.

இந்த வீட்டில், குடியிருப்பவர் பெயரை எந்த ரூமுக்கும் சொல்ல மாட்டார்கள். அவர் காலி செய்து போன பிறகுதான் அந்தப் பெயர் வரும். எங்களுடையது டீச்சர் ரூம். மாமாவுடையது கம்பவுண்டர் ரூம். அந்த இரண்டு பேரையும் நான் பார்த்ததுகூட இல்லை.

விவரம் தெரியாமல் யாராவது காய்ச்சலோடு வந்து மாமா கதவைத் தட்டுவார்கள். "இதத்தான் குத்தணும், பரவாயில்லையா?" என்று ஸ்க்ரூடிரைவரைக் காட்டுவார்.

ஒருமுறை ஓர் அக்கா பையனோடு வந்து, "டீச்சர் இருக்காங்களா? டியூசன் விடணும்" என்றார். நான் ஒன்பதாவதோடு நின்றவள். கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மாமாதான் எழுந்து வந்தார். "டீச்சர் ஊர்ல இல்லம்மா. கம்பவுண்டர்தான் இருக்கேன். தம்பிக்கு ஊசி வேணா போடவா?"

பையன் தெருமுனை வரை ஓடிவிட்டான்.

ரிப்பேர் ஆன மிக்ஸியை எல்லாம் எங்கள் வீட்டில்தான் ஓட்டிப் பார்ப்பார். தேங்காய், பொரிகடலையோடு வருவார். ஊரில் பாதி மிக்ஸியில் அரைத்த சட்னியை நான் தின்றிருக்கிறேன்.

"உங்க ரூம மிக்ஸிக்காரர் ரூம்னு மாத்திரலாமா அண்ணே?" என்று அம்மா கேட்பாள். "நான் இன்னும் காலி பண்ணலையே... அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பார்.

காலையில் வீட்டுக்காரர் மதுரை விளாங்குடியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தார். "உள்ள கொண்டு வராதீங்கம்மா. வீட்ட வாங்க இன்னைக்கு ஆள் வாராங்க. நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருங்க."

அம்மா சத்தம் போடவில்லை. "உங்க தாத்தாவையும் இங்கதான் கிடத்துனாக. அதுக்கப்புறம் எம்புட்டுப் பேரு குடி வந்துட்டாக. வீடு என்ன விழுந்தா போச்சு?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை. அம்மா மாமா ரூமைக் கூட்டிவிட்டாள். வாசலுக்கும் தெருவுக்கும் நான் நடந்துகொண்டே இருக்கிறேன்...

இப்போதுதான் அப்பா போனிலிருந்து டிரைவர் பேசினார். "ஊர்கிட்ட வந்துட்டோம் பாப்பா. வீடா, சுடுகாடா? உங்கப்பா அழுதுக்கிட்டே இருக்காரு."

அம்மா தெருக்குழாயில் இருந்தாள். தெரியாத குரல் கேட்டால் நான் போனை வைத்துவிடுவேன். இன்று வைக்கவில்லை.

"பெரிய வீட்டுக்கு வாங்கண்ணே. முன்பக்கம்... மிக்ஸிக்காரர் ரூம்."

போனை வைத்துவிட்டு, மாமா ரூம் கதவை முழுதாகத் திறந்து வைத்தேன்.

வேன் சத்தம் கேட்கிறது.

வாங்க மாமா. கதவு திறந்துதான் இருக்கு.