காஸ்டிக் சோடாவும் அலுமினியக் கிடாரமும்

எங்கடை தொழிலிலை சாமான் விக்கிறது சுகம். சொல்லுறதைக் கேக்கப் பண்ணுறதுதான் பெரும்பாடு. கடையிலை நிண்டு வாய் நோக வாதாடினவர் நீங்கள் எண்டால் என்ரை பாடு விளங்கும்.

சண்டைக் காலம். கப்பலிலை வந்த, உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் நிண்டுபோச்சு. யாழ்ப்பாணப் பட்டினத்திலை நான் வேலை செய்த பாத்திரக் கடைக்குச் சவுக்காரம் காய்ச்சவும் வினாகிரிக் காடி ஊறப்போடவும் சனம் ஏனம் தேடி வரத் தொடங்கிச்சுது. "புளி போட்டால் பித்தளை வெளிக்குது, வினாகிரி ஊத்தினால் இன்னும் வெளிக்குமே?" எண்டு கேட்டவையும் இருக்கினம். அவையளை விடுங்கோ. கந்தவனத்தாற்றை கதையைக் கேளுங்கோ.

நல்ல காரியம்

கந்தவனத்தார் உரும்பிராயிலை தோட்டக்காரர். புதுசாய்ச் சவுக்காரம் காய்ச்சப் போறார் எண்டு அண்டா மாதிரிப் பெரிய கிடாரம் பாக்க வந்தார். நான் இரும்புக் கிடாரத்தைக் காட்டினன். மனுசன் திரும்பியும் பாக்கேல்லை. கடையிலை கடைசியாய்க் கிடந்த அலுமினியக் கிடாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

"அண்ணை, சவுக்காரத்துக்குப் போடுற காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். இரும்பை ஒண்டும் செய்யாது" எண்டு தலைப்பாடாய் அடிச்சன். முதலாளி என்னை முறைச்சுப்போட்டு, "கொண்டு போங்கோ, இது எதையும் தாங்கும்" எண்டார். கந்தவனத்தார் என்னைப் பாத்துச் சிரிச்சார்.

"நல்ல காரியம் தொடங்கேக்கை சனீஸ்வரன்ரை இரும்பை வளவுக்கை கொண்டு போகச் சொல்லுறீரோ தம்பி?"

சுருட்டு

கிடாரத்துக்கு மூடி வேணுமாம், அளவெடுத்துக்கொண்டு வா எண்டு முதலாளி என்னை உரும்பிராய்க்கு அனுப்பினார். படலையைத் திறக்கிறன், கிணத்தடியிலை கிடாரம் 'சோ' எண்டு நுரைச்சுப் பொங்குது. அடுப்பிலை நெருப்பே இல்லை! கந்தவனத்தார் வாயிலை பத்தவைச்ச சுருட்டோடை, இதென்ன புதினம் எண்டு கிடாரத்துக்கை எட்டிப் பாக்கிறார்.

உந்த நுரையிலை வாறது நெருப்புப் பிடிக்கிற வாயு. "அண்ணை, சுருட்டை எறியுங்கோ!" எண்டு கத்தினன். சொல்லி வாய் மூடேல்லை, டமார்! நெருப்பு ஒருக்கால் எழும்பி அடங்கிச்சுது. காஸ்டிக் தண்ணி மனுசன்ரை முகமெல்லாம்.

நான் "ஐயோ" எண்டு கத்தத்தான் செய்தன். அவற்றை மனுசி பாக்கியமக்கா ஓடிவந்து, பிடரியிலை பிடிச்சு இழுத்து, அவற்றை முகத்தைத் தண்ணித் தொட்டிக்கை அமத்தினா. எடுத்தா, பிறகும் அமத்தினா. மனுசன் குழறின குழறலிலை அயலெல்லாம் வேலியாலை எட்டிப் பாத்து, "உவள் புருசனைக் கொல்லுறாள்!" எண்டு சத்தம் போட்டுது. அக்கா கையை எடுக்கேல்லை.

"கத்தட்டும். கத்துற மட்டும் உயிர் இருக்குத்தானே!"

மொத்தம்

ஆசுப்பத்திரியிலை போய்ப் பாத்தன். ரெண்டு கண்ணிலையும் கட்டு. பார்வை திரும்புமோ எண்டு கேட்டால், கட்டு அவிட்டால்தான் தெரியும் எண்டுறார் டாக்குத்தர். கட்டிலடியிலை நிண்டு எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. என்ரை குரல் கேட்டு மனுசன் மெல்லத் தலையைத் திருப்பினார். என்னை ஏசப் போறார், ஏசட்டும் எண்டு நிண்டன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த கண்ணீரும் நிண்டுபோச்சு.

"உது மெல்லிசுச் சாமான், தம்பி. கொஞ்சம் மொத்தமானதாய்ப் பாத்துத் தந்திருக்கலாம்."

பாக்கியமக்கா

கட்டு அவிட்ட பிறகு ஒரு நாள் பாக்கியமக்கா தனியக் கடைக்கு வந்தா. இனிச் சவுக்காரம் தான் காய்ச்சப் போறாவாம். இரும்புக் கிடாரத்தைச் சுத்திச் சுத்திப் பாத்தா. முதலாளிக்குப் பழைய பழக்கம் விடேல்லை. "பயப்பிடாமல் கொண்டு போ பிள்ளை, இது எதையும் தாங்கும்" எண்டார். அக்கா நிமிந்து பாத்த பார்வையிலை முதலாளி கதிரையை விட்டு எழும்பிட்டார்.

"எதையும் தாங்க வேண்டாம், ஐயா. காஸ்டிக்கைத் தாங்குமோ எண்டு அந்தத் தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கோ. என்ரை மனுசனுக்கு இனி மிச்சம் ஒரு கண்தான்."

கிடாரம் விக்கிறது லேசான தொழில்தான், வாங்கிறவை அதுக்கை ஒண்டும் ஊத்தாமல் விட்டால்.