ஹெல்காவின் மெல்லிய கூரைகள்

ஹெல்கா ரூஸ்கனெனுக்கும் எனக்கும் காயானி நகர அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. கிடங்கு, தொழுவம், விளையாட்டுக் கூடம் என்று எஃகுச் சட்டக் கட்டடங்களைக் கணக்கிட்டு வரைவது எங்கள் வேலை. மற்றவர்கள் கனமான உத்தரம் போடும் இடத்தில், மடித்த மெல்லிய தகட்டையே தாங்க வைத்துவிடுவாள் ஹெல்கா. இரும்பு மிச்சம், அடித்தளம் சிறிது, செலவு பாதி. அதற்காகவே அவளைத் தேடி வந்தார்கள்.

அதுவேதான் அவளுடைய பயமும். கனமான கட்டடத்தில் ஒன்று போனால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். அவளுடையதில் உபரி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு துண்டும் தன் பங்கைச் சுமந்தே ஆகவேண்டும்.

அந்தப் பிப்ரவரியில் விடாமல் பனி கொட்டியது. பிறகு அதன்மேல் மழை பெய்து ஊறிப்போனது. ஒருநாள் காலை என்ஸியோ கல்லுங்கி அவளைப் போனில் கூப்பிட்டான். அவளோடு பள்ளியில் படித்தவன். அவனுடைய குதிரையேற்றக் கூடம் அவள் வரைந்ததுதான்.

"தொழுவத்துப் பக்கக் கதவு மூட மாட்டேங்குது. கீல் பாக்கத் தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லேன்."

"எந்தத் தொழுவம்? நான் வரையும்போது அங்க ஒண்ணுமே இல்லையே?"

"போன கோடையில கட்டினேன். உங்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

கதவு மூடவில்லை என்றால் மேலே சட்டம் வளைகிறது என்று அர்த்தம்; ஹெல்கா போனை வைத்தாள். "வண்டியை எடு," என்றாள் என்னிடம்.

புதுத் தொழுவம் கூடத்தைவிட உயரமாக, அதை ஒட்டியே நின்றது. அதன் கூரைப் பனியையெல்லாம் காற்று வாரிக் கூடத்தின்மேல் குன்றாகக் குவித்திருந்தது. உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் மட்டக்குதிரைகளில் வட்டமிட, நடுவில் ஆசிரியை சைமி நின்றாள்.

தொழுவத்தை ஒட்டிய கூடத்துச் சுவரில், தூண்களுக்கிடையே குறுக்காகப் போகவேண்டிய கம்பியைக் காணோம். அறுத்த முனைகள் மட்டும் இருந்தன.

"டிராக்டர் உள்ள வரணும்ல?" என்றான் என்ஸியோ. "விரல் தடிமன் கம்பி. அதா கூரையத் தாங்குது?"

"தூணைச் சாயாமப் பிடிக்கிறதே அதுதான்," என்று ஹெல்கா அண்ணாந்து பார்த்தாள். நேராக இருக்கவேண்டிய உத்தரத்தின் அடிவிளிம்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. எங்கோ ஒரு போல்ட் 'டிக்' என்றது. சற்று நேரம் கழித்து மறுபடியும்.

கத்தினால் குதிரைகள் மிரளும். சைமியின் காதருகே போய்ச் சொன்னாள்: "யாரையும் இறக்காத. அப்படியே கோடிக் கதவு வழியா வெளிய கூட்டிட்டுப் போ. சிரிச்சுக்கிட்டே சொல்லு."

"ஆரம்பிச்சுட்டா!" என்ஸியோ சிரித்தான். "உறைஞ்ச ஏரியில கால் வைக்கவே அழுதவதானே நீ."

"இப்பவும் அழுவேன். நீ வெளிய போ முதல்ல."

கோடிக் கதவு பனியில் இறுகிக் கிடந்தது. தோள்கொடுத்துத் தள்ளித் திறந்தேன். குதிரைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கடைசி மட்டக்குதிரை மட்டும் வளைந்த உத்தரத்துக்கு நேர்கீழே காதை நிமிர்த்திக்கொண்டு நின்றுவிட்டது. மேலிருந்த சிறுமி விசும்பத் தொடங்கினாள்.

ஹெல்கா அதை நோக்கி நடந்தாள். கடிவாளத்தைப் பிடித்தாள். "வாடா ராசா, வா," என்று குதிரையிடம் பேசிக்கொண்டே, மேலே பார்க்காமல் கூட்டி வந்தாள்.

வெளியே வந்ததும் என்ஸியோ ஏணியைத் தூக்கினான். "ஆளை ஏத்திப் பனியை வழிச்சுடலாம்."

"ஏறாத! உன் எடையும் சேரும். கம்பியை அறுத்தது போதாதா?"

ஒதுங்கி நின்று காத்திருந்தோம். கால் விரல்கள் மரத்துப்போயின. ஒன்றுமே நடக்கவில்லை. அவள்தான் தவறாகச் சொல்லிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். பொழுது சாயும் முன், கூடத்தின் தொழுவத்துப் பக்கப் பாதி மெல்ல உட்கார்ந்தது. பெரிய சத்தமில்லை. யாரோ தகரத்தைக் கசக்கியதுபோல இருந்தது. பனித்தூள் எழுந்து எங்களை மூடியது. என்ஸியோ அப்படியே தரையில் குந்திவிட்டான்.

அவள் கணக்கில் பிழையில்லை என்றது விசாரணை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. "அந்த உத்தரத்தை அவ்வளவு மெல்லிசாக்கினது நான்தானே. அதுக்கடியில நடந்தப்பதான் புரிஞ்சுது," என்றாள் ஒருநாள்.

புதுக் கூரைக்கும் என்ஸியோ அவளிடமே வந்தான். முதலில் மறுத்தாள், பிறகு வரைந்தாள். இதுவும் மெல்லியதுதான். ஆனால் குறுக்குக் கம்பிகளை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, யாரும் தெரியாமல் அறுத்துவிடாதபடி எல்லாவற்றிலும் சிவப்புச் சாயம் பூசச் சொன்னாள். என்ஸியோ தன் கையாலேயே பூசினான். இப்போதெல்லாம் பனியோடு காற்று வலுத்தால் அவன்தான் முதலில் அவளைக் கூப்பிடுகிறான்.

"ஹெல்கா, பிள்ளைகளை அனுப்பிடவா?"

"அனுப்பிடு," என்கிறாள் அவள், அங்கே கிளம்பக் கோட்டை மாட்டிக்கொண்டே.