சந்தனம் வைத்த பலகை

நான் திருப்பதியில் ஆராய்ச்சி செய்த காலத்தில், என்னோடு படித்தவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்தியவேட்டிலிருந்து அப்பா, எங்கள் பேச்சில் நைனா, போன் செய்தால் ஒரே கேள்விதான். "எல்லாம் பிளேன் ஏறிக்கினு கீறாங்க. நீ இன்னும் அந்தத் தகட்டையே பாத்துக்கினு கீறியாடா?"

தகடுகூட இல்லை. கண்ணாடிமேல் ஆவியாகப் படியவைத்த உலோகப் படலம். சில அணுக்கள் அளவே தடிமன். அதற்குள் எலக்ட்ரான்களுக்கு மேலும் கீழும் நகர இடமில்லை. குளிரக் குளிர மின்தடை, அதாவது கரண்டுக்கு இருக்கும் எதிர்ப்பு, இறங்கினால் உலோகம், ஏறினால் கரண்டை விடாத மின்காப்பான். தடிமனைத் துளி குறைத்தால் போதும், உலோகம் காப்பானாகிவிடும். கடுங்குளிரில் குவாண்டம் விதி செய்கிற மாற்றம் அது. அந்த எல்லையைத் தேடித்தான் என் இளமை போனது.

அந்தக் குளிரில் அளக்கத் திரவ ஹீலியம் வேண்டும். பெங்களூரிலிருந்து வண்டியில் வரும். அந்த முறை ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்தது. மழை வேறு. மின்தடை ஏறிக்கொண்டே போய், கடைசிக் குளிரில் சட்டென்று படுத்துவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உலோகமும் அல்லாத, காப்பானும் அல்லாத புதுசு! பேராசிரியர் முதுகில் தட்டினார். "இது நிலைச்சுதுன்னா ஜெர்மனியில உனக்கு இடம் கிடைச்ச மாதிரிதான்." அன்று நைனாவுக்கு நானே போன் செய்தேன். சிரிக்காதீர்கள், பெட்டி வாங்கக் கடைகூடப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் ஒரு ஒயரை இறுக்கப் போனேன். ஒயர்கள் வந்து சேரும் பலகையில், திருகாணிகளுக்குக் குறுக்கே, ஈரம் காயாத சந்தனம். நடுவில் குங்குமம். பூஜை முடிந்த ஆய்வுக்கூடத்தில் பொட்டு இல்லாத கருவியே கிடையாது. அதனால்தான் கண்ணில் படவில்லை. படலம் வழிவிடாததால் கரண்ட் சந்தனத்தின் ஈரத்தில் நடந்து போயிருக்கிறது. நான் அளந்தது படலத்தை அல்ல, சந்தனத்தை.

உதவியாளரைக் கூப்பிட்டேன். புத்தூர்க்காரர், என்னைவிட மூத்தவர்.

"இன்னாண்ணா இது?"

"சாமி காரியம் சார். நீங்க கஷ்டப்பட்டுக்கினு கீறீங்களேன்னு உங்க மெஷினுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சேன்."

அவரை என்னவென்று திட்டுவது? பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். மிச்சமிருந்த ஹீலியத்தில் மறுபடி அளந்தேன். கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. சுத்தமான காப்பான். எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு உதவியாளர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, கருவியிலிருந்து தள்ளியே நின்றார்.

"சார், இந்த வருசம் எங்க வெக்கட்டும்?"

நான் எழுந்து நாற்காலியைக் காட்டினேன்.

"இதுக்கு வைண்ணா. இத்தினி வருசமா என்னைச் சுமந்துக்கினு கீது, பாவம்."