பாடாமல் விட்ட இடம்

ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடும் அந்த நாடகக்கார அம்மாளைப் புத்தூரில் ஒரு காப்பி ஓட்டலில் சந்தித்தேன். புத்தூர் ஆந்திராவோடு இருக்குமா, மதராசோடு சேருமா என்று ஊரே இரண்டாகக் கத்திக்கொண்டிருந்த சமயம். பருத்த உடம்பு, பெரிய மூக்குத்தி. காப்பி குடிக்கும்போதும் அவர் விரல்கள் மேசைமேல் ஆர்மோனியக் கட்டையைத் தேடிக்கொண்டே இருந்தன.

பழைய தெலுங்கு நாடகக் கவி ஒருவரின் பாட்டுகளைத் தன் போக்கில் நிதானமாகப் பாடி அப்போதுதான் இசைத்தட்டு கொடுத்திருந்தார். அபாரமான தட்டு. ஆனால் இரண்டு பக்கத்திலும், கடைசியாகப் பல்லவி வரவேண்டிய இடத்தில் ஆர்மோனியம் மட்டுமே ஒலித்தது.

"மறந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டே விட்டேன்.

"நாடகத்துல அத்த ஜனங்கதான் பாடுவாங்க நைனா. நானே பாடிட்டா அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"தட்டுல ஜனங்க எங்கம்மா இருக்காங்க?"

"போடச் சொல்லிப் பாரேன்."

ஓட்டல்காரர் தன்னிடமிருந்த அந்தத் தட்டைக் கிராமபோனில் போட்டார். அந்த இடம் வந்ததும் தமிழ்க் கட்சி மேசையும் தெலுங்குக் கட்சி மேசையும் சண்டையை விட்டுவிட்டு ஒரே குரலில் தெலுங்கில் பாடின. பாட்டு முடிந்ததும் மறுபடி சண்டை.

அம்மாள் காப்பியை முடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெலுங்கும் வராது, பாட்டும் வராது. தனியாகக் கேட்கும்போதுகூட அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.