கறுப்பில் வெள்ளை எழுத்து

மகள் என் கைபேசியை டார்க் மோடுக்கு மாற்றித் தந்தாள். கறுப்பில் வெள்ளை எழுத்து.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருமுனையில், விவசாயக் கூலிகள் சங்கத்தின் கரும்பலகை இருந்தது. 'நாளை அறுப்புக்கு வரமாட்டோம்' என்று சங்கத்தார் சொல்லச் சொல்ல, பத்து வயதில் நான்தான் எழுதினேன். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறியது.

மறுநாள் காலையில் பண்ணைக் காரியக்காரர் வந்தார்.

"யாரு எழுதுனது?"

"நான்தாங்க" என்றாள் அம்மா. அவளுக்கு எழுத்தே தெரியாது.

"எங்க, எழுது பாப்போம்."

அம்மா சாக்பீஸை எடுத்து, என் எழுத்துகளின் மேலேயே மெதுவாக இழுத்தாள்.

அவர் சிரித்தார். "இனிமே பண்ணைப் பக்கம் வராத."

"அதைத்தாங்க எழுதியிருக்கேன்."

அந்த வருஷம் முழுக்க அம்மா மாயவரத்தில் சித்தாள் வேலை பார்த்தாள்.

மகளிடம் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன்.