பதில் வந்துவிட்ட கேள்வி

எங்கள் அலுவலகத்தில் பிரிவுபசார உரை என்றால் நான்தான். ஓய்வு பெறுபவர் யாரும் கண்கலங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. சிலர் பிரிவை நினைத்து அழுதார்கள், சிலர் நான் எப்போது முடிப்பேன் என்று. அந்தத் தைரியத்தில்தான், மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி மீட்டிங்கில் லிஃப்டுக்காகப் பேச ஒப்புக்கொண்டேன்.

நான்கு மாடிக் கட்டிடம், லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடியில் தனியாக இருக்கும் மாமிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார். தரைத்தளத்துக்காரர்களுக்கோ லிஃப்ட் எதற்கு? அவர்களுக்குத் தலைவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு மாமா.

இரண்டு நாள் உட்கார்ந்து உரை தயாரித்தேன். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் நின்று, "முதுமை வரும், மூட்டுவலி வரும், மூச்சிரைப்பு வரும்" என்று மோனையாக அடுக்கினேன். ஒருவர் கொசு அடித்தார். சரி, உச்சகட்டத்துக்குப் போய்விடலாம் என்று, பதிலே வரமுடியாத கேள்வியாக ஒன்று வைத்திருந்தேன். மாமாவை நேராகப் பார்த்துக் குரலை உயர்த்தினேன்.

"சொல்லுங்கள், இந்த லிஃப்ட் யாருக்கு வேண்டாம்?"

மாமா கையைத் தூக்கினார். "எனக்கு வேண்டாம்."

அவருக்குப் பின்னால் ஆறு கைகள். செக்ரட்டரி நோட்டில் குறித்துக்கொண்டார். "அச்சா, வேண்டாம் ஏழு. வேணும்?"

ஐந்து.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "நன்னாப் பேசினேள். அவாளுக்கு ஓட்டுக் கேட்டுக் குடுத்துட்டேள்."

"அது கேள்வியில்லடீ, அலங்காரம்!"

"மாமாவுக்கு அது தெரியலையே. இருக்கட்டும், மாமி எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டா?"

"மாமி எப்படி வருவா? மீட்டிங் கீழேன்னா நடந்தது..."

மாமியின் முழங்காலை வைத்து அத்தனை வாக்கியம் எழுதினேன். ஒரு தடவையாவது மாடியேறி அவரிடம் பேசினேனா என்றால், இல்லை.

மறுநாள் செக்ரட்டரியிடம் போனேன். "அடுத்த மீட்டிங்கை மாமி வீட்டுல வெச்சுக்கலாமா?"

கொஞ்சம் யோசித்தார். "மெம்பர்தானே அவங்களும், அவங்க ஓட்டே எடுக்கலையே. சலோ, வெச்சுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏறினோம். மாமா இரண்டாம் மாடியில் நின்றார், மூன்றாம் மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அரே பாபா, இன்னும் எத்தனை?"

அவருக்குச் சுடச்சுட ஒரு பதில் என்னிடம் இருந்தது. மூச்சுத்தான் இல்லை. அதனால் கெட்டுப்போகாமல் காரியம் பிழைத்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு மாமி நின்றிருந்தார், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி பட்டுப்புடவையில். மாமா இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க கீழே வந்து எத்தனை நாளாச்சு?"

"மழைக்கு முன்னாடி வந்தது. டாக்டர்கிட்டப் போகணும்னா நாலு பேர் நாற்காலியோட தூக்கணும். வெக்கமா இருக்கு. அதனால வலிக்கறதுன்னே யார்கிட்டயும் சொல்றதில்லை."

மிக்ஸி விலையைச் சொல்வது போலத்தான் சொன்னார். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செக்ரட்டரி நோட்டை விரித்தார். "லிஃப்ட் வேணுங்கறவங்க?"

மாமி கை தூக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார்.

"தூக்குங்கோ மாமி, உங்க ஓட்டு," என்றது மாமாதான். அவருடைய கை ஏற்கெனவே மேலே இருந்தது. "நான் இன்னும் இறங்கி வேற ஆகணும்."