டைப்ரைட்டர் இல்லாத கோர்ட்டில்

சாரல் காலத்தில் தென்காசி கோர்ட்டுக்குள் நுழைந்தால் ஈரக் காகித வாசனைதான் முதலில் வரும். கூடவே டைப்ரைட்டர் சத்தம்...

சாட்சி தமிழில் சொல்வார். நீதிபதி அதை இங்கிலீஷில் சொல்ல, டைப்பிஸ்ட் அண்ணாச்சி அடிப்பார். சத்தம் நின்ற பிறகுதான் வக்கீல் அடுத்த கேள்வி கேட்கலாம். குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன புது ஜூனியர் நான். எனக்கோ வாய் நிற்காது.

"வக்கீலம்மா, செத்த பொறுங்க. இது என்ன கையா, ரயிலு எஞ்சினா?" என்பார் அண்ணாச்சி. கோர்ட்டே சிரிக்கும். போகப் போகப் பொறுப்பது பழக்கமாகிவிட்டது.

அப்புறம் மேல்படிப்பு... ஐரோப்பாவில் ஒரு பன்னாட்டு நீதிமன்றத்தில் வக்கீல் வேலை. காதில் ஹெட்போன், கண்ணாடி அறைக்குள் மொழிபெயர்ப்பாளர்கள். நான் முதன்முதலில் விசாரித்த சாட்சி ஒரு தாய். அவர் ஊர் ஆண்களை ராணுவ லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களில் அவர் மட்டும்தான் உயிரோடு இருந்தார். அவருடைய மகனும் அந்த லாரியில் போனவன்தான்.

உத்தரவு போட்ட அதிகாரி எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா அடையாளம் காட்டாவிட்டால் அவன் வீட்டுக்குப் போய்விடுவான்.

"ஏற்றச் சொன்னது யார்?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார்.

அடுத்த கேள்விக்குப் போகச் சொல்லி சீனியர் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுக்கிறார். நானோ நிற்கிறேன். எதற்கு? டைப்ரைட்டர் சத்தம் நிற்பதற்கு! அந்தக் கோர்ட்டில் டைப்ரைட்டரே கிடையாது... பழக்கதோஷம்.

அந்த அமைதியில் அந்த அம்மா தண்ணீர் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லிக்கொண்டே அவனை நோக்கிக் கையை நீட்டினார். மொழிபெயர்ப்பு காதுக்கு வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

தீர்ப்பு வந்த அன்று ஊரிலிருந்து என் அம்மா போன் பண்ணினாள்.

"என்னட்டி, பேசி ஜெயிச்சிட்டியாமே?"

"நான் எங்கம்மா பேசுனேன்? சும்மா நின்னேன்."

"சும்மா நிக்கதுக்கா இம்புட்டுத் தூரம் போன? இங்கன பஸ் ஸ்டாண்டுலயே நின்னுருக்கலாம்லா!"

இப்போது தென்காசியில் எல்லாம் கம்ப்யூட்டர். லீவில் வந்தபோது எட்டிப் பார்த்தேன். வேலை வேகமாக நடக்கிறது. நல்லதுதான், சனங்களை இழுத்தடிக்காமல் இருந்தால் சரி. நானும் அந்தப் பன்னாட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாகிவிட்டேன். இந்த அம்மாவோட கோர்ட் ஆமை மாதிரி நகர்கிறது என்று இளம் வக்கீல்கள் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். முணுமுணுக்கட்டும்.

போன மாதம் ஒரு சாட்சி பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். பொறுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் கேள்வி கேட்ட சின்ன வக்கீல் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். யாரும் அவள் கோட்டைப் பிடித்து இழுக்கவில்லை. கோர்ட் மொத்தமும் காத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் பேச ஆரம்பித்தார்.